'டார்க் சிட்டி'யில் கதை இருக்கிறதா, செட் மட்டும்தானா?

வரைபலகை:

வணக்கம். கட்டடக்கலை மூன்றாம் வருஷம் படிக்கிறேன். இந்த செமஸ்டரில் ஒரு கற்பனை ஊரை வரைந்து கொடுக்க வேண்டும். அதற்காக 90களில் வந்த சயின்ஸ் ஃபிக்ஷன் படங்கள் நான்கைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார் எங்கள் சார்: 'டார்க் சிட்டி', 'கேட்டகா', 'தி ஃபிஃப்த் எலிமென்ட்', 'தி மேட்ரிக்ஸ்'. போன சனிக்கிழமை ராத்திரி ஹாஸ்டலில் ஆறு பேர் ஒரு லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்து முதல் படத்தைப் போட்டோம்.

எனக்குத் திறந்த வாய் மூடவில்லை. சூரியனே உதிக்காத ஊர். நடுராத்திரி 12 மணி ஆனதும் எல்லோரும் இருந்த இடத்திலேயே தூங்கி விழுகிறார்கள். கட்டடங்கள் செடி மாதிரி முளைத்து வளர்கின்றன, சில சுருங்கி உள்ளே போகின்றன. அடிக்கடி நிறுத்தி நிறுத்தி வரைந்துகொண்டே பார்த்தேன், மற்றவர்களிடம் திட்டும் வாங்கினேன். ஆனால் என் அறைத்தோழி முடிவில், "இது படமே இல்லடி, போட்டோ ஆல்பம்" என்று சொல்லிவிட்டாள். இன்னொருத்தி பாதியிலேயே தூங்கிப்போனாள். உண்மையைச் சொன்னால் எனக்கும் அடுத்து என்ன நடக்கும் என்ற தவிப்பு வரவே இல்லை. எல்லாம் முன்பே தெரிந்த மாதிரி இருந்தது.

அந்தக் காலப் படங்களே இப்படித்தானா? பார்க்க அழகாக இருந்தால் போதும், கதை எப்படியோ போகட்டும் என்று எடுத்தார்களா? இல்லை, எங்களுக்குத்தான் பார்க்கத் தெரியவில்லையா? மற்ற மூன்றையும் பார்க்கும் முன்னால் விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.


கதைக்கட்சி:

உங்கள் தோழி சொன்னதுதான் சரி. கதை இல்லாத படம் துணிக்கடை வாசல் பொம்மை. புடவை பிரமாதமாக இருக்கும், பேசாது.

டீ ஆறுவதற்குள் பக்கத்தில் நிற்பவனுக்குச் சொல்லி முடிக்க முடிகிற கதை இருக்க வேண்டும். 1991இல் வந்த இரண்டாவது 'டெர்மினேட்டர்': போன படத்தில் கொல்ல வந்த அதே உருவம் இந்தப் படத்தில் காப்பாற்ற வருகிறது. முடிந்தது. 1993இல் 'ஜுராசிக் பார்க்': இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில் டைனோசரைத் திரையில் காட்டுவது ஏறக்குறைய கால் மணி நேரம்தான். அதிலும் கம்ப்யூட்டரில் செய்தது சில நிமிஷம். மீதி நேரம் நம்மை நாற்காலியில் பிடித்து வைத்தது கதை. தம்ளரில் தண்ணீர் நடுங்கினாலே நமக்கு வயிறு கலங்கும். அதுதான் படம். டார்க் சிட்டியில் எனக்கு ஒரு தடவைகூட வயிறு கலங்கவில்லை.


பழைய சிடி கடை:

பாப்பா, முதலில் ஒன்று சொல்லு. நீங்கள் பார்த்தது எந்த 'டார்க் சிட்டி'? ஆரம்பத்தில் நட்சத்திரங்களைக் காட்டும்போது ஒருத்தர் வாய்ஸ் ஓவரில், அதாவது ஆள் தெரியாமல் குரல் மட்டும், மூச்சு வாங்க மூச்சு வாங்க ஒரு முன்கதை சொன்னாரா? அந்நியர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது, நினைத்த மாத்திரத்தில் பொருளை மாற்றும் சக்தி அவர்களுக்கு உண்டு, தங்கள் இனம் அழியாமல் இருக்க மருந்து தேடி வந்தார்கள், நான் அவர்களுக்கு உதவும் டாக்டர் என்று? அப்படிச் சொன்னால் நீங்கள் பார்த்தது 1998இல் தியேட்டருக்கு வந்த பிரதி. உங்களுக்குத் தவிப்பு வராததற்குக் காரணம் அந்த ஒரு நிமிஷம்.

நாயகன் குளியல் தொட்டியில் கண் விழிக்கிறான். தான் யாரென்றே அவனுக்குத் தெரியாது. அவன் கூடவே நாமும் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயத்தை அவன் கண் விழிப்பதற்கு முன்பே நம் காதில் போட்டுவிட்டார்கள். இயக்குநர் அலெக்ஸ் ப்ரோயாஸ் விரும்பி வைத்ததில்லை அது. ஜனங்களுக்குப் புரியாது என்று ஸ்டுடியோ பயந்து சேர்க்க வைத்தது. 2008இல் வந்த டைரக்டர்ஸ் கட்டில், அதாவது இயக்குநர் தன் விருப்பப்படி தொகுத்த பிரதியில், அதைத் தூக்கிவிட்டார். அது வருவதற்கு முன்னால் இந்தப் படத்தின் ரசிகர்கள் ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள்: படம் போட்டதும் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிடு, டாக்டராக வரும் கீஃபர் சதர்லாண்ட் பாக்கெட் கடிகாரத்தைப் பார்க்கும்போது கூட்டிக்கொள். என் கடையில் நானே பத்துப் பேருக்காவது இதைச் சொல்லி அனுப்பியிருப்பேன்.

கடை என்றேனே, கும்பகோணத்தில் 1999இலிருந்து 2010 வரை சிடி வாடகைக்கு விட்டேன். இப்போது அதே ஷட்டருக்குள் மொபைல் கவரும் டெம்பர் கிளாஸும் விற்கிறேன். (எது அசல் எது நகல் என்று என்னைக் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் அப்போதே வந்து கேட்டுவிட்டார்கள்.) ஒரு நாள் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருத்தர் இந்தப் படத்தின் சிடியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "என்னப்பா, படம் பூரா இருட்டு. சிடி கெட்டுப்போச்சா?" நான் வேட்டி முனையில் துடைத்து, கடை டிவியில் போட்டுப் பார்த்தேன். சிடி நன்றாகத்தான் இருந்தது. கறுப்புக் கோட்டுப் போட்ட ஆட்கள் கறுப்புச் சுவருக்கு முன்னால் நடக்கிறார்கள், கோட்டும் சுவரும் ஒன்றாகி, வெள்ளை மூஞ்சி மட்டும் மிதக்கிறது. இருட்டான இடமெல்லாம் கட்டம் கட்டமாகத் துடிக்கிறது. பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வீடியோ சிடியில் படத்தின் அளவே 352க்கு 288 புள்ளிதான். ஒரு விநாடிப் படத்தை 1150 கிலோபிட்டுக்குள் அடைத்தாக வேண்டும். அது முதலில் தூக்கி எறிவது இருட்டுக்குள் இருக்கும் இருட்டைத்தான். இந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு டேரியஸ் வோல்ஸ்கி. அவர் செய்த வேலை முழுக்க அங்கேதான் இருக்கிறது. ஆறேழு வருஷம் கழித்து டிவிடியில் பார்த்தபோதுதான் அந்தச் சுவர்களில் செங்கல் இருப்பதே எனக்குத் தெரிந்தது. அதனால் அந்தக் காலத்தில் இதைப் பார்த்துவிட்டு 'ஸ்டைல் மட்டும்தான், கதை இல்லை' என்று சொன்ன எங்கள் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் ஸ்டைலையும் பார்க்கவில்லை, கதையையும் பார்க்கவில்லை. கதையை வாய்ஸ் ஓவர் தின்றது, ஸ்டைலை சிடி தின்றது.

சரி, இப்போது கதை எங்கே இருக்கிறது என்று கேட்டாயே. அந்தக் குளியலறைக்கே போவோம். தலைக்கு மேல் விளக்கு ஆடுகிறது, நெற்றியில் ரத்தம், பக்கத்து அறையில் ஒரு பெண்ணின் பிணம். இன்னும் அதை அவன் பார்க்கவில்லை. தட்டுத் தடுமாறி எழும்போது ஒரு மீன்தொட்டி உடைகிறது. தங்கமீன் தரையில் துள்ளுகிறது. அவனுக்குத் தன் பேர் தெரியாது, எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. ஆனாலும் குனிந்து, மீனை அள்ளி, தான் படுத்திருந்த குளியல் தொட்டித் தண்ணீரில் விடுகிறான். அப்புறம்தான் கதவைத் திறக்கிறான். பின்னால் போலீஸ் வருகிறது. வில்லியம் ஹர்ட் செய்யும் இன்ஸ்பெக்டர் அந்த மீனைப் பார்க்கிறார். பெண்களைக் கொன்று கூறுபோடுகிறவன் ஒரு மீனைக் காப்பாற்ற நிற்பானா என்ற சந்தேகம் அவருக்கு அங்கேதான் விழுகிறது. அந்தப் படத்தின் மொத்தக் கேள்வியே அதுதான்: ஞாபகத்தை எல்லாம் துடைத்து எடுத்துவிட்டால் மனுஷனிடம் மிச்சம் என்ன இருக்கும்? அதற்குப் பதிலைப் படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஒரு மீனை வைத்துச் சொல்லிவிட்டார்கள். வசனம் கிடையாது. வாய்ஸ் ஓவரில் அந்நியர்களைப் பற்றிக் கேட்டு முடித்த ஆளுக்கு இந்த மீன் கண்ணில் படாது, ஏனென்றால் அவன் அந்நியர்கள் எப்போது வருவார்கள் என்று காத்துக்கொண்டிருப்பான்.

நீ கட்டடம் படிக்கிறவள், இதைக் கவனித்திருப்பாய். அந்த ஊரில் காலம் ஒன்றோடு ஒன்று ஒட்டாது. கார் ஒரு காலம், தொப்பி ஒரு காலம், தெருவிளக்கு வேறு ஒரு காலம். செட் போட்டவர்களுக்குக் கணக்குத் தெரியவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. வெவ்வேறு காலத்து மனிதர்களிடமிருந்து திருடிய ஞாபகங்களைத் தைத்துச் செய்த ஊர் அது. டாக்டரே பின்னால் அப்படித்தான் சொல்கிறார். அப்படியானால் தெருவைப் பார்த்தாலே கதை தெரிந்துவிட வேண்டும், இல்லையா? தெரிகிறது. கூர்ந்து பார்க்க நேரம் கொடுத்தால்.

படத்தில் எனக்கு இருக்கும் மனத்தாங்கல் அந்த நேரம்தான். சராசரியாக ஒரு ஷாட் இரண்டு விநாடிகூட நிற்பதில்லை. பேட்ரிக் டட்டோபுலோஸும் ஜார்ஜ் லிடிலும் அப்படி ஒரு ஊரைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், எடிட்டிங் நம்மைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிறது, கண்காட்சிக்குக் கூட்டிப்போய் எதையும் பார்க்க விடாத பெரியப்பா மாதிரி. நீ நிறுத்தி நிறுத்தி வரைந்தாய், அதனால் உனக்குப் பிடித்தது. உன் தோழிக்கு எதுவும் நிற்கவில்லை. அவள் மேல் தப்பில்லை.

கடைசிச் சண்டையும் அப்படியே. இரண்டு பேர் ஆகாயத்தில் எதிரெதிரே நின்று நெற்றியிலிருந்து அலை அலையாக எதையோ விட்டுக்கொள்கிறார்கள். நம்ம ஊர்ப் பழைய படங்களில் இரண்டு அம்பும் நடுவானில் முட்டிக்கொள்ளுமே, அதுதான். அந்தப் பத்து நிமிஷத்துக்கு மட்டும் உன் தோழி சொன்னதை நான் முழுசாக ஒத்துக்கொள்கிறேன்.

கதைக்கட்சி ஐயாவுக்கு ஒரு வார்த்தை. தம்ளரில் தண்ணீர் நடுங்கியது கதை என்கிறீர்கள். அது படம் ஐயா. காருக்குள் டாஷ்போர்டுக்கு அடியில் கிட்டார் கம்பியைக் கட்டி, அதை மீட்டி மீட்டித்தான் அந்த வட்டம் வட்டமான அலையை எடுத்தார்கள். ஒரு கம்பிக்கு உங்கள் வயிறு கலங்கியிருக்கிறது.


கதைக்கட்சி:

கம்பி விஷயம் தெரியாது, நன்றி. ஆனால் தோற்றுப்போய்விட்டேன் என்று எழுதிக் கொடுக்க மாட்டேன்.

டார்க் சிட்டியை விடுவோம். 'ஃபிஃப்த் எலிமென்ட்' என்ன கதை? உலகத்தை அழிக்க ஒரு கறுப்பு உருண்டை வருகிறது, நான்கு கல்லையும் ஒரு பெண்ணையும் சேர்த்து வைத்தால் தப்பிக்கலாம். இயக்குநர் லுக் பெஸ்ஸோன் பள்ளிக்கூடத்தில் படிக்கும் வயசில் எழுதத் தொடங்கிய கதையாம். அப்படியேதான் இருக்கிறது. மேலே ஃபேஷன் டிசைனர் கோல்த்தியே தைத்த உடுப்பு, காமிக்ஸ் ஓவியர்கள் மோபியஸும் மெஸியேரும் வரைந்த டாக்சி. அந்த உடுப்பையும் டாக்சியையும் எடுத்துவிட்டால் மிச்சம் நோட்டுப்புத்தகம்.

'கேட்டகா' நேர்மாறு. பறக்கிற கார் இல்லை, லேசர் இல்லை, வேற்றுக்கிரகவாசி இல்லை. பிறப்பிலேயே மட்டம் என்று முத்திரை குத்தப்பட்டவன் இன்னொருவன் ரத்தத்தைக் கடன் வாங்கி விண்வெளிக்குப் போகப் பார்க்கிறான். டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம். வெறும் கதை. ஸ்டைல் இல்லாமல் நின்ற படம். இதற்கு என்ன சொல்கிறீர்கள் அண்ணே?


கனசதுரம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பட்டியலில் 1997இல் வந்த 'க்யூப்' இல்லையே, தங்கை? கற்பனை ஊர் வரைவதற்கு அதைவிடப் பாடம் கிடையாது. ஆறு பேர் கனசதுர அறைகளால் ஆன சிறைக்குள் விழித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு அறையிலும் ஆறு கதவு. எந்தக் கதவுக்குப் பின்னால் பொறி இருக்கிறது என்று தெரியாது. ஆயிரக்கணக்கான அறைகள் என்று நாம் நம்பிக்கொண்டு பார்ப்போம். உண்மையில் டொரொன்டோவில் போட்ட செட் முழுசாக ஒரே ஒரு அறை. சுவர்ப் பலகைக்குப் பின்னால் வண்ணத்தாளை மாற்றி மாற்றி, சிவப்பு அறை, நீல அறை, பச்சை அறை என்று காட்டிவிட்டார்கள். நான்கு லட்சம் கனடா டாலர்கூட ஆகவில்லை.

அறையின் நிறம்தான் அங்கே கதை. சிவப்பு அறைக்குள் நுழையும்போது ஆட்கள் கத்திப் பேசத் தொடங்குகிறார்கள், வெள்ளையில் அடங்குகிறார்கள். அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது, எதுவானாலும் வேலை நடக்கிறது. பாத்திரங்களின் பேரெல்லாம் சிறைச்சாலைகளின் பேர். யார் கட்டினார்கள், எதற்குக் கட்டினார்கள் என்று கடைசி வரை சொல்லவே மாட்டார்கள். வாய்ஸ் ஓவர் வைக்கச் சொல்லப் பணம் போட்ட ஸ்டுடியோ பக்கத்தில் இல்லை போலிருக்கிறது.

இன்னொன்று. புரூஸ் வில்லிஸ் நடித்த '12 மங்கீஸ்' (1995) ஒரு பிரெஞ்சுக் குறும்படத்திலிருந்து வந்தது. 1962இல் க்ரிஸ் மார்க்கர் எடுத்தது, 28 நிமிஷம். அதில் கிட்டத்தட்ட எல்லாமே அசையாத புகைப்படங்கள். ஒரே ஒரு இடத்தில் தூங்கும் பெண் கண்ணைத் திறக்கும்போது மட்டும் படம் அசையும். உங்கள் தோழி போட்டோ ஆல்பம் என்றாரே, நிஜமான போட்டோ ஆல்பத்தை அவருக்குப் போட்டுக் காட்டுங்கள்.


பழைய சிடி கடை:

கடையில் கூட்டம், இப்போதுதான் உட்கார்ந்தேன்.

கதைக்கட்சி ஐயா, கேட்டகாவில் ஸ்டைல் இல்லை என்று நீங்கள் நினைப்பதுதான் அந்தப் படத்தின் கெட்டிக்காரத்தனம். முதல் காட்சி ஞாபகம் இருக்கிறதா? நீலமாக ஒரு வெறுமை. அதில் பெரிய பெரிய பிறைகள் விழுகின்றன, தடித்த கயிறுகள் விழுகின்றன. பிறை என்பது நகத்துண்டு, கயிறு என்பது மயிர். ஒருத்தன் காலையில் குளிப்பதற்கு முன் உடம்பைத் தேய்த்துச் சுரண்டுகிறான், விழுவதை எல்லாம் எரிக்கிறான். ஒரு நகம் விழுந்தால் பிடிபட்டுவிடுவான். அப்படிப்பட்டவனுக்கு நகம் எவ்வளவு பெரிசாகத் தெரியுமோ அவ்வளவு பெரிசாகத்தான் நமக்கும் காட்டுகிறார் இயக்குநர் ஆண்ட்ரூ நிக்கோல்.

அதே படத்தில் ரோட்டைக் கடக்கும் காட்சி. நாயகனுக்குக் கிட்டப்பார்வை. இன்னொருவன் பேரில் வாழ்கிறவன், அந்த இன்னொருவனுக்கோ கண் பிரமாதம். போலீஸ் சோதனைக்கு வருகிறது, கண்ணில் போட்டிருந்த லென்ஸை எடுத்து எறிந்துவிடுகிறான். கொஞ்ச நேரத்தில் கூட வந்த நாயகி ஒரு பெரிய சாலையைச் சாதாரணமாகக் கடந்து அந்தப் பக்கம் போய் நின்று, வா என்று காத்திருக்கிறாள். இவனுக்கு வண்டி தெரியவில்லை. வெளிச்சம் வெளிச்சமாக வீங்கிய உருண்டைகள் வருகின்றன, சத்தம் வருகிறது, காற்று அடிக்கிறது. எனக்குத் தெரியவில்லை என்று சொல்லவும் முடியாது, சொன்னால் எல்லாம் போச்சு. காலை எடுத்து வைக்கிறான். இதை டீக்கடையில் எப்படிச் சொல்வீர்கள்? 'அவன் ரோட்டைக் கடந்தான்' என்பதுதான் கதை. வயிறு கலங்கியது அந்த மங்கலில்.

பாப்பா, உனக்கு உபயோகமான விஷயம்: கேட்டகாவுக்காகப் பெரிய ஊர் ஒன்றும் கட்டவில்லை. அந்த அலுவலகத்தின் வெளிப்பக்கம் கலிஃபோர்னியாவில் இருக்கும் மரின் கவுன்ட்டி நிர்வாகக் கட்டடம். ஃப்ராங்க் லாய்ட் ரைட்டின் வடிவமைப்பு, அவர் 1959இல் காலமான பிறகு கட்டி முடித்தது. தெருவில் ஓடுவது 1955இல் அறிமுகமான சிட்ரோன் டிஎஸ் மாதிரிப் பழைய கார்கள், சத்தத்தை மட்டும் மின்சாரக் கார் மாதிரி மாற்றிவிட்டார்கள். ராக்கெட்டில் ஏறுகிறவர்கள் கோட்டு சூட்டோடு போய் உட்காருகிறார்கள், ஆபீஸுக்குப் போகிற மாதிரி. ஒளிப்பதிவாளர் ஸ்வாவோமிர் இட்ஜியாக் மஞ்சளும் பச்சையுமாக ஃபில்டர் போட்டுப் படத்தையே பழைய புகைப்படம் மாதிரி ஆக்கிவிட்டார். அதனால்தான் 1997இல் எடுத்தது இன்றைக்கும் பழசாகவில்லை. அப்போதே பழசாக எடுத்துவிட்டார்கள்.

நாயகனுக்கு ரத்தத்தையும் பேரையும் கடன் கொடுப்பவன் ஜூட் லா. கால் வராத அவன் வீட்டில் சுழல் படிக்கட்டு இருக்கும். "நடக்க முடியாதவன் வீட்டில் யாராவது இப்படி ஒரு படியை வைப்பாங்களா?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. அந்தப் படி மரபணு மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்பது முதலில் அலங்காரமாகத்தான் தெரியும். பின்னால் ஒரு நாள் போலீஸ்காரர் கதவைத் தட்ட வருகிறார், மேலே போயாக வேண்டும், அவன் கையால் படி படியாக உடம்பை இழுத்துக்கொண்டு ஏறுகிறான். அதுவரை கேட்டகா என்னை எரிச்சலூட்டிக்கொண்டிருந்தது (அந்தக் கொலை விசாரணை சுமார்தான், விசாரிக்க வருகிறவன் யார் என்று தெரியும்போது இன்னும் சுமார்). அந்தப் படியில் அவன் ஏறியதும் கடையை மூட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

ஃபிஃப்த் எலிமென்ட் நோட்டுப்புத்தகம் என்றீர்கள், இருக்கட்டும். புரூஸ் வில்லிஸ் காலையில் எழுந்து பற்றவைக்கும் சிகரெட்டைப் பார்த்தீர்களா? முக்கால்வாசி ஃபில்டர், நுனியில் கொஞ்சம்தான் புகையிலை. அரசாங்கம் அவன் நுரையீரலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது என்று அந்த ஒரு சிகரெட் சொல்லிவிடுகிறது. அப்புறம் ஜன்னலுக்கு வெளியே சாப்பாட்டுப் படகு வந்து நிற்கும், பெரியவர் ஒருத்தர் சுடச்சுடச் சமைத்துக் கொடுப்பார். அந்தப் படத்தில் உலகத்தைக் காப்பாற்றும் கதை எனக்கும் பெரிசாக ஒட்டவில்லை. ஆனால் அந்த ஊரில் குடியிருக்கச் சொன்னால் வாடகை பேசிவிடுவேன்.


வரைபலகை:

அண்ணா, நன்றி. மெதுவாகத்தான் பதில் எழுத முடிந்தது, நடுவில் மாதிரி வடிவம் சமர்ப்பிக்க வேண்டியிருந்தது.

நாங்கள் பார்த்தது வாய்ஸ் ஓவர் இருக்கிற பிரதிதான். எனக்கு நினைவில் நின்ற காட்சி ஒன்றைச் சொல்கிறேன். ஒரு ஏழைத் தம்பதி சின்ன மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். 12 மணி, தூங்கிப்போகிறார்கள். அறை விரிகிறது, மேஜை அவர்கள் நடுவில் நீண்டுகொண்டே போகிறது, உடுப்பு மாறுகிறது. விழித்ததும் பணக்காரர்களாக, காலகாலமாக அப்படியே இருந்தவர்கள் மாதிரி பேசத் தொடங்குகிறார்கள். எங்கள் பாடத்தில் அறையின் அளவு மனுஷனை மாற்றும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். மேஜையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இடையே தூரம் கூடக் கூட அந்தக் கணவன் மனைவி பேசும் தோரணையே மாறிவிட்டது. அதை நான் நான்கு சின்னப் படமாக வரைந்து சாரிடம் காட்டினேன், நன்றாக இருக்கிறது என்றார்.

இன்னொரு சந்தேகம். நேற்று 'மேட்ரிக்ஸ்' பார்த்தேன். தொடக்கத்தில் ட்ரினிட்டி ஓடும் மொட்டைமாடிகள் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கின்றன. என் பிரமையா?


பழைய சிடி கடை:

பிரமை இல்லை, அதே மாடிதான். இரண்டு படமும் சிட்னியில் ஒரே ஸ்டுடியோவில் எடுத்தவை. டார்க் சிட்டிக்குப் போட்ட செட்டுகளில் சிலவற்றை மேட்ரிக்ஸ் எடுத்த வச்சோவ்ஸ்கிகள் எடுத்துக்கொண்டார்கள், மொட்டைமாடிகள் அதில் சேர்த்தி. ஒரே மாடியில் ஓடியும் ஒரு படம் உலகம் முழுக்க 46 கோடி டாலர் வசூலித்தது, இன்னொன்று போட்ட பணத்தை எடுக்கத் திணறியது. பாவம், அது வெளிவந்த 1998 பிப்ரவரியில் 'டைட்டானிக்' இன்னும் முதல் இடத்தை விட்டு இறங்கவே இல்லை. விமர்சகர் ரோஜர் ஈபர்ட் அந்த வருஷத்தின் சிறந்த படம் என்று டார்க் சிட்டியைத்தான் சொன்னார், டிவிடிக்குக் கூடவே உட்கார்ந்து பேசியும் கொடுத்தார். அதற்குள் தியேட்டரில் தூக்கிவிட்டார்கள்.

மேட்ரிக்ஸ் ஏன் ஜெயித்தது என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கம்ப்யூட்டர் காட்டும் பொய் உலகம் என்றால் பச்சை சாயல், வெளியே நிஜம் என்றால் நீலம். யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் கடைக்கு வந்த பையன்கள் சப்டைட்டில் படிக்காமலேயே எந்த உலகத்தில் இருக்கிறோம் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் நீ நேற்று எந்தப் பிரதியைப் பார்த்தாய்? சுவர், முகம், சட்டை எல்லாம் பாசி பிடித்த மாதிரி பச்சையாக இருந்தால் அது 2008இல் வந்த ப்ளூரேயின் வண்ணம். அடுத்த பாகங்களோடு பொருந்தட்டும் என்று பச்சையை ஏற்றிவிட்டார்கள். 1999இல் தியேட்டரில் அவ்வளவு கிடையாது. 2018இல் ஒளிப்பதிவாளர் பில் போப்பே உட்கார்ந்து சரி செய்த 4கே பிரதி வந்திருக்கிறது, வரைவதற்கு அதை வைத்துக்கொள். தப்பான பச்சையைக் கரைத்து வைத்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டாதே.

டார்க் சிட்டிக்கும் அதேதான். டைரக்டர்ஸ் கட் 111 நிமிஷம், தியேட்டர் பிரதியைவிட ஒரு பத்து நிமிஷம் கூட. அதில் கிளப்பில் நாயகி ஜெனிஃபர் கானலி பாடுவது அவருடைய சொந்தக் குரல். தியேட்டர் பிரதியில் வேறொருவர் பாடியது.


கதைக்கட்சி:

ரோட்டைக் கடக்கும் காட்சியை மறுபடி போட்டுப் பார்த்தேன். ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் டார்க் சிட்டி கடைசிச் சண்டை பற்றி நீங்களே ஒத்துக்கொண்டதை நான் மறக்க மாட்டேன் அண்ணே.


வரைபலகை:

நேற்று ராத்திரி டைரக்டர்ஸ் கட் போட்டோம். இந்தத் தடவை நான் நோட்டைக் கொண்டுபோகவில்லை. அறைத்தோழியிடம் வேறு படம் என்று பொய் சொல்லித்தான் உட்கார வைத்தேன், ஐந்தாவது நிமிஷத்தில் கண்டுபிடித்து ஒரு தலையணையை எறிந்தாள். எழுந்து போகவில்லை.

நாயகன் ஷெல் பீச் என்ற கடற்கரைக்கு வழி கேட்கும் இடத்தில் ஒருத்தருக்கும் பதில் வராது இல்லையா, எல்லோருக்கும் அந்த இடம் தெரியும், எப்படிப் போவது என்று மட்டும் தெரியாது. அங்கே அவள் போனைக் கீழே வைத்தாள். "கடைசியாகப் பகலில் எதையாவது செய்த ஞாபகம் இருக்கிறதா?" என்று நாயகன் இன்ஸ்பெக்டரைக் கேட்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். போன தடவை இதே காட்சியில் சிப்ஸ் பாக்கெட் எங்கே என்று கேட்டவள்.

கடைசிச் சண்டையில் இருவருமே சிரித்துவிட்டோம், மன்னிக்கவும். அம்பு விட்டுக்கொள்கிறார்கள் என்று நீங்கள் சொன்னதை அவளிடம் சொல்லித் தொலைத்துவிட்டேன்.

படம் முடிந்து விளக்கை அணைத்த பிறகு, தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். இருட்டில் கேட்டாள்: "ஏய், அந்த மீனு என்னடி ஆச்சு? தொட்டியிலயே விட்டுட்டுப் போயிட்டானா?"


பழைய சிடி கடை:

அதைப் படம் சொல்லவில்லை. 11 வருஷம் வாடகைக்கு விட்டேன், ஒருத்தர்கூட மீனைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. அந்தப் பிள்ளையிடம் அடுத்து கேட்டகாவைக் காட்டு. படிக்கட்டு வரும்போது மட்டும் பேச்சுக் கொடுக்காதே.